கேட்காமல் நல்லது செய்தவர்

அவர் கதவைத் தட்ட மாட்டார். எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு கிரில் கதவு உண்டு. வெளியிலிருந்து கையை நுழைத்தால் தாழ்ப்பாள் எட்டும். எட்டுகிறது என்பதற்காக யாரும் நுழைக்க மாட்டார்கள். கிரிலுக்கு வெளியே நின்று அக்கா, மலாயில் கக், ஆன்ட்டி என்று அவரவர் முறைப்படி கூப்பிடுவார்கள். இவர் மட்டும் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, செருப்பை வாசலில் விட்டு, நேராகக் கூடத்துக்கு வந்து நின்று கூரையைப் பார்ப்பார்.

"இந்த லைட்டு கரண்டைத் தின்னும் மா. மாத்திடறேன்."

அடுத்த முறை வரும்போது கையில் புது விளக்கும் தோளில் ஏணியும் இருக்கும். வேண்டுமா என்று கேட்டதில்லை. விளக்குக்குக் காசும் வாங்கியதில்லை. அதனால் அவரை வெறுப்பது ஆரம்பத்தில் எனக்குச் சுலபமாக இல்லை. கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது.

சுங்கை பினாங்கில், ஆற்றை ஒட்டிய பதினாறு மாடிக் கட்டடம் எங்களுடையது. அவர் எங்கள் குடியிருப்பாளர் நிர்வாகக் குழுவின் தலைவர். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், மேற்பார்வையிலிருந்து அல்ல. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா, நடையில் ஒரு அவசரம். தாழ்வாரத்தில் அவர் வருவது தெரிந்தால் பிள்ளைகள் சைக்கிளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. மேகம் கூடினால் நாமெல்லாம் "மழை வருமா?" என்போம். அவர் "மழை வரும்" என்பார். கேள்வியைப் போல ஆரம்பித்தாலும் முடியும்போது அது உத்தரவாகிவிடும். "நீ இந்தப் பூச்சட்டிய இங்க வச்சிருக்கியே, எடுத்துரு."

அவருக்கு ஒரே கவலை. அந்தக் கவலை நியாயமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நாம சுவிட்ச் போட்டா எங்கயோ கரி எரியுது மா. அந்தப் புகை எங்கயும் போயிடாது" என்பார். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வரும் நாளில் ஆறு எங்கள் கார் நிறுத்துமிடத்துக்குள் வந்துவிடும். எல்லாரும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கையில், அவர் முழங்கால் வரை தண்ணீரில் நின்று, "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்பார், ஏதோ நாங்கள்தான் ஆற்றை அழைத்து வந்ததைப் போல. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லும் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அவர் மனைவி ஒருமுறை கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் அடுப்படியில் கேஸ் அடுப்பும் இல்லை, சிலிண்டரும் இல்லை. கண்ணாடி போட்ட இண்டக்ஷன் மின்சார அடுப்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதில் அந்த அம்மாவின் அலுமினியப் பானை சூடாகவில்லை, மண்சட்டி சூடாகவில்லை, தாயார் கொடுத்த ஈயச்சொம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுநாள் காலையில் எண்ணெய்ச் சட்டியைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு எங்கள் கிரிலுக்கு வெளியே நின்றார்.

"கொஞ்சம் அப்பளம் பொரிச்சுக்கிறேன் மா. ஒன்னும் நெனச்சுக்காத."

"அண்ணன்கிட்ட சொல்லலாமே அக்கா."

"சொன்னேன். புதுச் சட்டி வாங்கித் தர்றேன்னாரு." எண்ணெய் காய்ந்ததும் அந்த அம்மா அப்பளத்தை ஒவ்வொன்றாகப் போட்டார். பொரித்த அப்பளத்தை மறுபடி துணியால் மூடிக்கொண்டு போகும்போது திரும்பி, "முப்பது வருஷமா நான் சமைச்ச அடுப்பு மா அது" என்றார்.

அன்றைக்கு நானும் ஜமீலா அக்காவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஜமீலா அக்கா ஒன்பதாம் மாடி, நாங்கள் எட்டாம் மாடி. அவர் கணவர் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். "பொண்டாட்டியையும் மாத்திட்டு எல்.இ.டி. போடுவாரு லா அந்த ஆளு" என்று அக்கா சொன்னதும் எனக்குப் புரையேறிவிட்டது. எங்கள் முறை வரும்வரை சிரித்தோம்.

எங்கள் முறை மின்தூக்கியில் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, எட்டாம் எண் பொத்தானை அழுத்தினால் எரியவில்லை. பக்கத்தில் மூன்று மொழியில் ஒரு அறிவிப்பு: மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு மின்தூக்கி இனி ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும். ஒரு மாடி நடந்தால் உடம்புக்கும் நல்லது என்று அடியில் ஒரு வரி வேறு.

என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போன பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது முடிந்து வரும் நாளில் அவர் உடம்பில் பிழிந்த துணியளவுக்குத்தான் தெம்பு இருக்கும். நான் ஜூருவில் ஒரு கார் விற்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் தீவிலிருந்து பாலம் தாண்டினால் மாலைதான் வீடு. அவர் தானாகவே போய்த் தானாகவே வருவார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. மின்தூக்கி மாறிய பிறகும் அந்தப் பெருமையை விடவில்லை. ஒன்பதாம் மாடியில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எழுந்து, இறங்கி வந்துவிடுவார். "அதெல்லாம் பிரச்சன இல்ல" என்றுதான் என்னிடம் சொன்னார்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் ஜமீலா அக்கா. ஒருநாள் மதியம் வழக்கம்போல என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் மேலிருந்து இறங்கி வந்திருக்கிறார். பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து, இவர் கக்கத்தில் கை கொடுத்து, அரிசி மூட்டையைத் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டார். இவர், "வேணாண்ணே, எறக்குங்க, கொஞ்ச நேரம் உக்காந்தா போயிருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இவருடைய இடுப்புச் சாரம் ஒரு பக்கம் அவிழ்ந்துவிட்டது. அதைப் பிடிக்க இவருக்குக் கை எட்டவில்லை. தாழ்வாரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். கதவுகளில் பெண்கள். தலைவர் நிற்கவில்லை. எங்கள் கிரிலில் கையை விட்டுத் திறந்து, நாற்காலியில் உட்கார வைத்து, "பாத்தியா, ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நான் ஓடிப் போயி துணியைச் சரி பண்ணலாம்னு பாத்தேன்" என்றார் ஜமீலா அக்கா. "உன் வீட்டுக்காரர் மொகத்தப் பாத்து நின்னுட்டேன். நான் பாத்ததையும் அவர் பாத்துட்டாரு புள்ள."

மாலை நான் வந்தபோது அவர் சாரத்தை மாற்றிக் கால்சட்டை போட்டு, பெல்ட்டும் கட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் பெல்ட் கட்டி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது. காரம் என்றார். அன்று நான் வைத்தது மோர்க்குழம்பு.

தலைவர் வீடு இருக்கும் பன்னிரண்டாம் மாடிக்குப் படியேறிப் போனேன். கிரிலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு மதியம் அவரத் தூக்கிட்டு வந்தீங்களாம்."

"ஆமா மா. நன்றியெல்லாம் வேணாம்."

"நன்றி சொல்ல வரல. தூக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு குழப்பம் வந்தது. கோபம் அல்ல, நான் ஏதோ அந்நிய மொழியில் பேசியதைப் போல ஒரு குழப்பம். "படியில ஒருத்தர் உக்காந்து மூச்சு வாங்குறாரு. கேட்டுட்டு நிப்பாங்களா? விழுந்திருந்தா?"

"லிஃப்ட்டு எட்டுல நின்னா அவரு ஏன் படியில உக்காருறாரு?"

"ஒரு வீட்டுக்காக மொத்த பில்டிங்கும் கரண்ட் செலவு பண்ணணுமா மா? யோசிச்சுப் பாரு. நல்லதுக்குத்தானே செய்யறேன்."

பின்னால் அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அவரை வெறுக்க எனக்கு எந்த முயற்சியும் தேவைப்படவில்லை.

அதன் பிறகுதான் சோலார் வந்தது. எங்கள் மொட்டைமாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தகடுகள் போட்டால் மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பு, தாழ்வார விளக்கு எல்லாவற்றுக்கும் பகலில் வெயிலே போதும், அந்த அளவுக்குக் கரி எரியாது என்று அவர் எங்கெங்கோ அலைந்து ஒரு கம்பெனியைப் பிடித்து வந்தார். அதில் அவர் உழைப்பு இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். கூட்டத்தை ஒரு வேலைநாள் மதியத்தில் வைத்தார். கீழே டேவான் என்கிற கூட்ட மண்டபத்தில் நாற்காலி போட்டுக் காற்றாடியும் சுற்றியது. வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. மற்றவர்களெல்லாம் தொழிற்சாலையில், கடையில், பாலத்துக்கு அந்தப் பக்கம். "வராதவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மொட்டைமாடி வெறும் இடமல்ல. பதினாறு மாடிப் பெண்களும் துணி உலர்த்தும் இடம். வீட்டுக்குள் கட்டும் கொடியில் துணி காயாது. ஈர வாடைதான் வரும். ஜமீலா அக்கா கடைக்கான மிளகாயை அங்குதான் காயப் போடுவார். லிம் ஆன்ட்டிக்கு மெத்தையை வெயில் காட்டாவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் ஏறிப் போனால் கொடிகள் ஒன்றுமில்லை. கயிறுகளை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, மாடிவாரியாகப் பெயர் எழுதிய பைகளில் போட்டு காவல்காரரின் ஜாகா அறையில் வைத்திருந்தார். அறுத்து எறிந்திருந்தால்கூட அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

தகடுகள் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. முதல் வாரமே அவற்றின் மேல் துணிகள் காய்ந்தன. சூடான கண்ணாடி, போட்ட ஜோரில் காய்ந்துவிடும். பாத்திக், புடவை, பள்ளிச் சீருடை, மிளகாய் பரப்பிய பாய். அவர் ஓடி ஓடி எடுத்தார். எடுக்க எடுக்கப் போட்டார்கள். வெயில் பட வேண்டிய இடத்தில் துணி கிடந்தால் மின்சாரம் எங்கிருந்து வரும்? மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். யாரோ பூட்டை அறுத்தார்கள். பெரிய பூட்டாகப் போட்டார். அதையும் அறுத்து, ஒரு தகட்டையும் கல்லால் உடைத்துவிட்டார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். குடியிருப்பவர்கள் ஒத்துழைக்காத இடத்தில் எங்களால் வைத்திருக்க முடியாது என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தகடுகளை மின்தூக்கியில் இறக்கிய அன்று அவர் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் வேலையிலிருந்து வந்து இறங்கினேன். "இந்த சனங்களுக்கு நல்லது பண்ணவே கூடாது மா" என்றார். சனங்களில் நான் சேர்த்தி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

கையெழுத்துத் திரட்டி நாங்களே ஒரு கூட்டம் கூட்டினோம், ஞாயிற்றுக்கிழமை காலையில். டேவான் கொள்ளவில்லை. வாசலிலும் சன்னலிலும் ஆள். அவர் மேடையில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். நான் எழுந்து பேச ஆரம்பித்தேன். சொல்ல நினைத்ததில் பாதி மறந்துவிட்டது. லிஃப்ட்டைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். என் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் பொறுக்கவில்லை. "சுத்தி வளைக்காத. உங்களுக்கு சோலார் வேணாம். கரி எரிஞ்சா எரியட்டும். அதானே?"

"வேணும் அண்ணே," என்றேன். "கேட்டுட்டுப் போடணும்."

அதற்குப் பெரிய கைதட்டல் எதுவும் இல்லை. பிறகு அவர் தலைவராக நீடிக்க வேண்டுமென்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். அவர் தன் மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். அந்த அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எதிராகக் கை தூக்கச் சொன்னபோதும் அந்தக் கைகள் மடியில்தான் இருந்தன. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஜமீலா அக்காவும் குழுவுக்கு வந்தார். மொட்டைமாடியில் தகடு பொருத்திய போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்து நின்றன. அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் கேட்டுப் போடணும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேனே. கேட்காமல் இருந்தால் அவர் சொன்னதுதான் உண்மையாகிவிடும். அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது என்ற வீம்புதான் என்னை முதல் மாடிக் கதவு வரை தள்ளிக்கொண்டு போனது. சுற்றுச்சூழல் மேல் அக்கறை பிறகு வந்தது.

கேட்பது சுலபமாக இல்லை. "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க" என்பதுதான் முதல் மாடியில் கிடைத்த முதல் பதில். இரண்டாம் மாடியிலும் அதே. அவரை நான் மன்னிக்காததற்கு இது இன்னொரு காரணம். எங்கள் மின்தூக்கியையும் கயிற்றையும் மட்டும் அவர் எடுக்கவில்லை. நம்மிடம் ஒருவர் உண்மையாகவே கேட்பார் என்ற நினைப்பையே எடுத்துவிட்டிருந்தார். ஒவ்வொரு மாடியிலும் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். திட்டினார்கள், கேட்டுக்கொண்டோம். மறுபடி போனோம்.

மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். பதினாறாம் மாடிக்காரர்களுக்குப் பயமெல்லாம் ஒழுக்கு: கூரையில் ஓட்டை போட்டால் மழைத் தண்ணீர் அவர்கள் தலையில்தான் இறங்கும். அந்தப் பயத்தை அதுவரை யாரும் கேட்டதே இல்லை. கூரை முதலில் பூசப்பட்டது. பாதி மொட்டைமாடி துணிக்கு, பாதி தகடுக்கு, மீதித் தகடு கார் நிறுத்துமிடத்துக் கூரைமேல் என்று பெண்களே கோடு போட்டார்கள். இரவில் ஓடும் தண்ணீர்ப் பம்பை வெயில் நேரத்தில் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆறாம் மாடியில் ஒரு பேச்சு எழுந்தது. அப்படியே ஆயிற்று. எந்த விளக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு மாடியும் தானே தீர்மானித்தது. அவர் அணைத்ததைவிட அதிக விளக்குகளை அவர்களாகவே அணைத்தார்கள். மின்தூக்கி எல்லா மாடியிலும் நின்றது. கீழ் மாடி இளவட்டங்கள், "நாங்க நடந்துக்கறோம் லா, வயசானவங்க போகட்டும்" என்றார்கள். உத்தரவாக வந்தபோது சண்டை போட்ட அதே பையன்கள்தான்.

கம்பெனி திரும்ப வந்தது. தகடுகள் ஏறின. இந்த முறை யாரும் பூட்டுப் போடவில்லை. துணி காயப் போட வருகிறவர்களே ஈரத் துணியால் புறா எச்சத்தைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். கரி எங்கேயோ கொஞ்சம் எரியாமல் இருக்கிறது.

இதில் எதிலும் அவர் சேரவில்லை. பன்னிரண்டாம் மாடிப் பாய்க்கு அவரையும் முறையாகக் கூப்பிட்டோம். நானே கிரிலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். "எல்லாம் நான் அப்பவே சொன்னதுதானே. இப்ப என்னத்தக் கேக்கறீங்க?" என்று உள்ளே போய்விட்டார். அவர் மனைவி மட்டும் வந்தார். எல்லாரும் பேசி முடித்த பிறகு, மிகவும் தயங்கி, துணி மாட்டும் கயிற்றைக் கொஞ்சம் தாழ்வாகக் கட்ட முடியுமா, கை எட்டவில்லை என்று கேட்டார். தாழ்வாகவே கட்டினோம்.

சென்ற வருடம் நிபோங் திபாலிலிருந்து ஓர் அடுக்குமாடியைச் சேர்ந்தவர்கள் பார்க்க வந்தார்கள், தங்கள் கட்டடத்திலும் செய்யலாமா என்று. ஜமீலா அக்கா கடையிலிருந்து நாசி கண்டார் வந்தது. மொட்டைமாடியில் கூட்டமாக நின்றோம். என் வீட்டுக்காரரும் நாற்காலி போட்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் தகடுகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது கதவருகே பழைய தலைவர் வந்து நின்றதைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. யாரும் அழைக்கவில்லை, அவரும் அழைப்புக்குக் காத்திருக்கிறவர் அல்லவே.

வந்தவர்களில் ஒரு பெண் கேட்டார், "அக்கா, இது மொதல்ல யாரோட ஐடியா?"

ஜமீலா அக்கா என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கதவருகே அவர் பேனாவைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்து நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக, இன்னொருவர் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"எல்லாரும் சேர்ந்துதான்," என்றேன். "இந்தப் பக்கம் வாங்க, பம்பு அறையக் காட்டறேன்."

திரும்பி வரும்போது கதவருகே ஆள் இல்லை.

மாலையில் வீட்டில், "நீ சொல்லியிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். கோபமாக இல்லை. தோளில் தூக்கிச் செல்லப்பட்டவர் அவர்தான். மன்னிக்கிற உரிமையும் அவருடையதுதான். எனக்கு அது வரவில்லை. அவர் தட்டில் சோற்றைப் போட்டேன்.

அந்த மனிதரின் பெயரை அன்று நான் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.